விதண்டாவாதம்: கட்சி இல்லாத வழக்கு

வீட்டில் கேட்கலாம், அலுவலகக் கூட்டத்தில் கேட்கலாம், தொலைக்காட்சி விவாதத்தில் கேட்காமல் இருக்கவே முடியாது: "சும்மா விதண்டாவாதம் பண்ணாதீங்க." சொன்ன மாத்திரத்தில் எதிரே இருப்பவருக்கு இன்னும் சூடு ஏறும். 'நீ சொல்வதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இல்லை' என்ற அறிவிப்பு அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருப்பதுதான் காரணம்.

இந்தச் சொல் பாதி இடங்களில் தவறாக விழுகிறது. சூடான சண்டை எல்லாவற்றுக்கும் இதைச் சொல்கிறோம். பதில் தெரியாத கேள்விக்கும் சொல்கிறோம். வயதில் சின்னவர் எதிர்த்துப் பேசினால் யோசிக்காமல் சொல்கிறோம். உண்மையில் இதற்கு மிகக் கறாரான ஒரு பொருள் உண்டு. எதிராளி சொல்வதை உடைப்பது மட்டுமே விதண்டாவாதம். உடைத்த இடத்தில் தன் கருத்து என்று எதையும் நட்டு வைக்காமல் இருந்தால்தான் அதற்கு அந்தப் பெயர்.

ஒரு பேச்சைப் பார்ப்போம்.

"ஞாயிற்றுக்கிழமை கிளம்பலாமா மாமா?"
"ஞாயிறுன்னா கூட்டமா இருக்கும்."
"அப்போ திங்கள்?"
"திங்கள் லீவு போடணுமே."
"சனி ராத்திரி?"
"ராத்திரிப் பயணம் உடம்புக்கு ஆகாது."
"சரி, நீங்களே ஒரு நாள் சொல்லுங்க."
"நான் ஏன் சொல்லணும்? நீதானே கேட்டே."

முதல் மூன்று மறுப்புகளில் ஒரு தப்பும் இல்லை. கூட்டம் இருக்கும் என்பது உண்மை, லீவு போட வேண்டும் என்பதும் உண்மை. கடைசி வரியில்தான் பேச்சு விதண்டாவாதமாகிறது. 'நாள் சொல்லுங்கள்' என்று கேட்ட பிறகும் நாள் சொல்ல மறுக்கிறாரே, அந்த இடம். மாமா கடைசியில் "புதன்கிழமை போகலாம்" என்று சொல்லியிருந்தால் அவர் பிடுங்கல் பேர்வழியாக இருக்கலாம், விதண்டாவாதி ஆக மாட்டார்.

வக்கீல்கள் தங்களிடம் வழக்கு கொடுத்தவரைக் 'கட்சிக்காரர்' என்பார்கள். வழக்கில் ஒரு பக்கம் நிற்பவர் என்று பொருள். விதண்டாவாதி வழக்காடுவார், ஆனால் அவருக்குக் கட்சி இல்லை, அதாவது நிலைநாட்டத் தன் பக்கம் என்று ஒன்றும் இல்லை.

எழுத்தில் நடக்கும் கோளாறுகள்

விதண்டாவாதம் என்று சேர்த்து எழுதுவதே சரி. 'டா' நெடில். வடமொழியில் இது 'விதண்டா' என்று ஆகாரத்தில் முடியும் பெண்பால் சொல். இப்படிப்பட்ட சொற்கள் தமிழுக்குத் தனியாக வரும்போது ஐகாரத்தில் முடியும்: மாலா மாலை ஆனதும், சபா சபை ஆனதும், கங்கா கங்கை ஆனதும் இப்படித்தான். அதே வழியில் இதுவும் 'விதண்டை' ஆனது. பழைய உரைகளில் அந்த வடிவம்தான் கிடைக்கும். 'வாதம்' சேர்ந்த தொடரில் மட்டும் பழைய ஆகாரம் அப்படியே நிற்கிறது. ஆகவே 'விதண்டவாதம்' தப்பு, 'விதாண்டாவாதம்' தப்பு. 'விதண்டாவதம்' என்று ஒரு கால் குறைத்து எழுதுகிறவர்களும் உண்டு. வதம் என்றால் கொலை. கேட்டுக்கொண்டிருப்பவர்களின் நிலையை நினைத்தால் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் பிழை.

அடுத்த சொல்லோடு சேரும்போது வல்லினம் மிகும்: விதண்டாவாதக் கேள்வி, விதண்டாவாதப் பேச்சு. வினைகளில் செய், பண்ணு, பேசு மூன்றும் இயல்பாக ஒட்டும். 'சண்டை போடு' என்பதுபோல 'விதண்டாவாதம் போடு' என்று சொல்வதில்லை. செய்திகளில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது: 'இருவருக்கும் இடையே விதண்டாவாதம் முற்றியது.' இருவருக்கும் இடையே முற்றுவது வாக்குவாதம். அதற்கு இரண்டு பேர் வேண்டும். விதண்டாவாதத்தை ஒருவரே செய்வார், மற்றவர் மாட்டிக்கொண்டு முழிப்பார். 'அவர்கள் வாக்குவாதத்தில் ஈடுபட்டனர்', 'அவர் விதண்டாவாதம் செய்தார்' என்ற இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியும்.

தன்னைப் பற்றிச் சொல்லும்போது இந்தச் சொல் பெரும்பாலும் எதிர்மறையில்தான் வரும்: "விதண்டாவாதத்துக்காகக் கேட்கலை, நிஜமாவே புரியலை." இது கேள்விக்கு முன்னால் போடும் கும்பிடு மாதிரி. 'ஒரு வாதத்துக்கு அப்படியே வைத்துக்கொள்வோம்' என்பது வேறு. அது எதிராளி சொன்னதைத் தற்காலிகமாக ஒப்புக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய் விடுகிறது என்று பார்க்கும் முறை. விதண்டாவாதத்துக்கு நேர் எதிர்த் திசை என்றே சொல்லலாம்.

வாதம் என்ற சொல்லிலும் ஒரு குழப்பம் உண்டு. பக்கவாதம், முடக்குவாதம் ஆகியவற்றில் வரும் வாதம் காற்றைக் குறிக்கும் 'வாத'. பிடிவாதம், விவாதம் ஆகியவற்றில் வரும் வாதம் பேச்சைக் குறிக்கும் வேறொரு சொல். வடமொழியில் இரண்டுக்கும் வெவ்வேறு எழுத்து, தமிழில் ஒரே தகரம். 'முடக்குவாதத்துக்கு மருந்துண்டு, பிடிவாதத்துக்கு மருந்தில்லை' என்ற கிண்டல் பிறந்ததே இந்த எழுத்து ஒற்றுமையால்தான்.

இது வசவாகப் பிறந்த சொல் இல்லை

பழைய வடமொழித் தர்க்க நூலான கௌதமரின் நியாய சூத்திரம், தர்க்கத்துக்கு வேண்டிய 16 பொருள்களை முதல் சூத்திரத்திலேயே வரிசைப்படுத்துகிறது. அதில் 10ஆவது வாதம், 11ஆவது சற்பம், 12ஆவது விதண்டை. மூன்றும் பேச்சின் வகைகள். முதல் அத்தியாயத்தின் இரண்டாம் பகுதி தொடங்குவதே இந்த மூன்றின் இலக்கணத்தோடு, அதாவது வரையறையோடுதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு சூத்திரம்.

வாதத்தில் இரண்டு பேரும் ஆளுக்கொரு கட்சி எடுத்துக்கொண்டு, சான்றும் தர்க்கமும் வைத்து, எது உண்மை என்று பார்க்கிறார்கள். ஆசிரியரோடும் உடன் பயில்வோரோடும் செய்வது இது. சற்பத்திலும் ஆளுக்கொரு கட்சி உண்டு, ஆனால் நோக்கம் ஜெயிப்பது. அதற்காகச் சொல்லைத் திரிப்பதும் மடக்குவதும் நடக்கும். (சற்பம் என்றதும் பாம்பு நினைவுக்கு வர வேண்டாம். 'ஜல்ப' என்பதில் ல், ப் இரண்டும் புணர்ந்து 'ற்ப' ஆயிற்று, அவ்வளவுதான்.) விதண்டைக்குச் சூத்திரம் சொல்லும் இலக்கணம் ஒரே வரி: அதே சற்பம், எதிர்க்கட்சியை நிறுவுதல் மட்டும் இல்லாமல். சொல்லைத் திரிப்பதால் ஒருவர் விதண்டாவாதி ஆவதில்லை, அதைச் சற்பம் பேசுகிறவரும் செய்வார். தன் பக்கம் காலியாக இருப்பதுதான் அடையாளம்.

மருத்துவ நூலான சரக சம்ஹிதையும் இதைப் பேசுகிறது. வைத்தியர்கள் ஒருவரோடொருவர் எப்படி விவாதிக்க வேண்டும், எதிரே இருப்பவர் தன்னைவிட மேலா, சமமா, கீழா என்று எப்படி எடை போட வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. விதண்டை என்பது பிறர் பக்கத்தில் குற்றம் சொல்வது மட்டுமே என்று அது முடித்துவிடுகிறது.

தமிழில் இந்த மூன்றும் சேர்ந்து நிற்கும் இடம் பரிமேலழகர் உரை. 'ஆற்றின் அளவறிந்து கற்க அவையஞ்சா மாற்றங் கொடுத்தற் பொருட்டு' என்ற 725ஆம் குறளில் வரும் 'அளவு' என்பதை அவர் அளவை நூல், அதாவது தர்க்க நூல் என்று கொள்கிறார். வேற்று அரசர் அவையில் அவர் சொல்லை வெல்லும் சொல் சொல்ல வேண்டுமானால் வாத சற்ப விதண்டைகளைக் கற்றிருக்க வேண்டும் என்பது அவர் விளக்கம். கவனியுங்கள், கற்க வேண்டியவற்றின் பட்டியலில் விதண்டையும் இருக்கிறது. தூது போகிறவனுக்கு அது ஓர் ஆயுதம்.

நியாய சூத்திரமே இதற்கு ஓர் உவமை சொல்கிறது. முளைவிடும் விதையைக் காக்க முள் கிளையை வெட்டிச் சுற்றி வைப்பது போல, அறிந்த உண்மையைக் காக்கச் சற்பமும் விதண்டையும். முள்வேலி பயிர் ஆகாது, ஆனால் ஆடு மேயாமல் தடுக்கும்.

தத்துவத்தில் இன்னும் ஒரு படி மேலே போனவர்களும் உண்டு. பௌத்த தத்துவவாதி நாகார்ச்சுனர் தம் விக்ரகவியாவர்த்தனி என்ற நூலில் 'எனக்கு மேற்கோள் (நிறுவ வேண்டிய கருத்து) என்று ஒன்றும் இல்லை' என்று வெளிப்படையாகவே அறிவித்துவிட்டுத்தான் மற்றவர்களின் கட்சிகளைச் சோதிக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் அத்வைதியான ஸ்ரீஹர்ஷர் நியாயக்காரர்களின் இலக்கணங்களை ஒவ்வொன்றாக உடைத்ததும் இந்த வழியில்தான். மறைத்து வைத்த வெறுமைக்கும் அறிவித்த வெறுமைக்கும் வித்தியாசம் இருக்கிறது. நம் பேச்சுவழக்கில் 'விதண்டாவாதம்' என்று திட்டுவது முதல் வகையை.

நன்னூல் வைத்திருக்கும் அளவுகோல்

வடமொழித் தர்க்கத்தைத் தொடாமலே இதை விளக்கத் தமிழ் இலக்கணத்தில் இடம் இருக்கிறது. நன்னூலின் எழுவகை மதம் என்ற சூத்திரம் (மதம் என்றால் இங்கே கொள்கை), நூல் எழுதுகிறவர் பிறர் கருத்தை எதிர்கொள்ளும் ஏழு வழிகளைச் சொல்கிறது: உடன்படல், மறுத்தல், பிறர்தம் மதமேற்கொண்டு களைவு, தான் நாட்டித் தனாது நிறுப்பு, இருவர் மாறுகோள் ஒருதலை துணிவு, பிறர்நூல் குற்றம் காட்டல், பிறிதொடு படாஅன் தன்மதம் கொளல்.

இவற்றில் மறுத்தலும் உண்டு, குற்றம் காட்டலும் உண்டு. தமிழ் மரபு மறுப்பைக் குறையாக நினைக்கவில்லை. ஆனால் அதே வரிசையில் 'தான் நாட்டித் தனாது நிறுப்பு' இருக்கிறது. தானே ஒன்றை நாட்டி, அதை விழாமல் நிறுத்திக் காட்டுவது. மறுத்தலையும் குற்றம் காட்டலையும் மட்டும் வைத்துக்கொண்டு நாட்டலையும் நிறுத்தலையும் தூக்கி எறிந்தால் மிஞ்சுவது விதண்டாவாதம். எனக்குத் தெரிந்து இதைவிடச் சுருக்கமான இலக்கணம் கிடையாது.

'வாதத்துக்கு வைத்துக்கொள்வோம்' என்று மேலே சொன்னது இங்கே மூன்றாவது: பிறர் மதத்தை முதலில் ஏற்றுக்கொண்டு, பின்னால் களைவது.

விடை வகைகளிலும் ஒரு குறிப்பு இருக்கிறது. நன்னூல் சொல்லும் எட்டு விடைகளில் ஒன்று வினா எதிர் வினாதல். "செய்வாயா?" என்றால் "செய்யாமல் இருப்பேனா?" என்பது. உருவத்தில் கேள்வி, உள்ளே 'செய்வேன்' என்ற பதில் இருக்கிறது. அதனால்தான் அதை விடை என்று இலக்கணம் ஒப்புக்கொள்கிறது. விதண்டாவாதியும் கேள்விக்குக் கேள்விதான் கேட்பார். "ஏன் லேட்டு?" "லேட்டுன்னா என்ன? யாரு நேரம் குறிச்சது?" இந்தக் கேள்விக்குள் பதில் எதுவும் இல்லை. எதிர்க்கேள்வியைப் பிரித்துப் பார்த்து உள்ளே விடை இருக்கிறதா என்று தேடுவது நல்ல சோதனை.

அண்டை வீட்டுச் சொற்கள்

பிடிவாதத்தில் கட்சி இருக்கும், காரணம் இருக்காது. "எனக்கு அதான் வேணும், அவ்வளவுதான்." விதண்டாவாதத்தில் காரணங்கள் குவிந்து கிடக்கும், கட்சி இருக்காது. குதர்க்கத்தில் இரண்டும் இருக்கலாம், தர்க்கம்தான் கோணல். 'கு' என்ற முன்னொட்டே கோணலைச் சொல்கிறது. ஒருவர் குதர்க்கமாகப் பேசி ஒரு முடிவை நிறுவ முடியும். விதண்டாவாதமாகப் பேசி எதையும் நிறுவ முடியாது.

எடக்குமடக்கு பேச்சின் தினுசைச் சொல்கிறது, கருத்தை அல்ல. எடக்குமடக்காகப் பேசுகிறவர் கடைசியில் சொன்ன வேலையைச் செய்துவிடுவார். ஏட்டிக்குப் போட்டி என்பதில் கட்சி உண்டு, ஆனால் அது எதிராளியைப் பார்த்து அந்த நொடியில் முடிவானது. அவர் கிழக்கு என்றால் இவர் மேற்கு, அவர் மேற்குக்கு மாறினால் இவர் கிழக்கு. வீம்பில் காயப்பட்ட மானம் இருக்கும். முரண்டு பேச்சைவிட உடம்பில் தெரியும், மாடும் பண்ணும் குழந்தையும் பண்ணும்.

அக்கப்போர் தனி ரகம். சில்லறை விஷயத்துக்கு ஓயாமல் நடக்கும் இழுபறி, கூடவே கொஞ்சம் வம்புப்பேச்சு. 'போர்' என்று முடிவதால் அதைத் தமிழ்ப் போராகவே நினைக்கத் தோன்றும். அகராதி அதைச் செய்தி என்று பொருள்படும் உருதுச் சொல்லான 'அக்பார்' என்பதோடு இணைக்கிறது. ஊர்ச்செய்தி சண்டையாக மாற எவ்வளவு நேரம் ஆகும் என்று பார்த்தால் அதில் வியப்பில்லை. தகராறும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதான். அரபியில் 'தக்ரார்' என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது. அக்கம்பக்கத்துத் தகராறு எதையாவது ஐந்து நிமிடம் கேட்டவருக்கு இந்த வேர் விளங்கும். சொன்னதையே சொல்வார்கள், ஒலி மட்டும் ஏறும்.

பழந்தமிழில் இதற்கெல்லாம் கலாம், பூசல், பிணக்கு, இகல் என்று சொற்கள் இருந்தன. மணிமேகலையில் இந்திர விழாவை முரசறைந்து அறிவிக்கிறவன், சமயவாதிகள் பட்டிமண்டபத்தில் முறையறிந்து ஏறுங்கள் என்று சொல்லிவிட்டு, உடனே 'செற்றமும் கலாமும் செய்யாது அகலுமின்' என்கிறான். வாதுக்கு மேடை கொடுக்கிறான், கலாமை விலக்கி வைக்கிறான். இரண்டும் வேறு என்பது அந்த ஊருக்குத் தெரிந்திருக்கிறது.

எந்தெந்தப் பிடியில் பேச்சு வழுக்குகிறது

விதண்டாவாதிக்குச் சொந்தக் கட்சி இல்லாததால், எதிராளியின் சொல்லில்தான் தொங்க வேண்டும். அதற்குச் சில பிடிகள் உண்டு. நியாய நூல் இவற்றைச் சலம் என்று அழைத்து மூன்றாகப் பிரிக்கிறது. (சலசலப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

முதலாவது வாக்குச்சலம், இருபொருள் சொல்லில் தொங்குவது. நூலில் வரும் உதாரணம் 'நவ கம்பளம்': புதுக் கம்பளம் வைத்திருக்கிறான் என்றால், 'நவ' என்பதை ஒன்பதாக எடுத்துக்கொண்டு "ஒன்பது எங்கே இருக்கிறது, ஒன்றுதானே இருக்கிறது?" என்பது. தமிழில் இதற்குப் பஞ்சமே இல்லை. "மாலை வாங்கியாச்சா?" "அதை ஏன் வாங்கணும், அஞ்சு மணிக்குத் தானா வருமே." சிரித்துவிட்டுப் போனால் இது சிலேடை. சிரிக்காமல் இதையே பிடித்துக்கொண்டு மாலை வாங்காததற்குச் சாக்காக்கினால் சலம்.

இரண்டாவது, ஒருவரைப் பற்றிச் சொன்னதை அந்த இனம் முழுவதற்கும் நீட்டுவது. "அவர் டீச்சராச்சே, பிள்ளைகளோட மனசு தெரியும்." "அப்போ டீச்சருங்க எல்லாருக்கும் தெரியுமா? எங்க கணக்கு டீச்சர் பத்தித் தெரியுமா?" முதலில் பேசியவர் எல்லா டீச்சரையும் சொல்லவே இல்லை.

மூன்றாவது உபசாரச் சலம். எனக்குப் பிடித்தது இதுதான், ஏனென்றால் தமிழ் இலக்கணம் படித்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள். நூலில் உள்ள உதாரணம் 'பரண்கள் கத்துகின்றன': வயல் காவலுக்குக் கட்டிய பரணில் இருக்கும் ஆட்கள் கத்துகிறார்கள் என்று பொருள். 'மரப்பரண் எப்படிக் கத்தும்?' என்று கேட்பது சலம். நம் ஊர் வடிவம்:

"நீ பண்ணின காரியத்துக்கு ஊரே சிரிக்குது."
"ஊரு எப்படிச் சிரிக்கும்? கட்டடமா சிரிக்குது?"

ஊர் என்பது ஊரில் உள்ளவர்களுக்கு ஆகி வந்திருக்கிறது, இடவாகுபெயர். பள்ளிக்கூடத்தில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதிய அதே ஆகுபெயரைத்தான் விதண்டாவாதி வேண்டுமென்றே மறக்கிறார். 'வேண்டுமென்றே' என்பது முக்கியம். அவர் சொல் புரியாமல் கேட்கவில்லை. நாளை அவரே "ஊரே கொண்டாடுது" என்பார்.

நியாய நூல் 22 தோல்வித்தானங்களையும் சொல்கிறது. இந்த இடத்தில் சறுக்கினால் நீ தோற்றாய் என்று நடுவர் சொல்லும் இடங்கள் அவை. எல்லாவற்றையும் இங்கே அடுக்க வேண்டியதில்லை. அன்றாடம் காணக்கூடியவை சில போதும்.

"நீ மட்டும் ஒழுங்கா?" என்பதற்கு அந்த நூலில் மதானுஞ்ஞை என்று பெயர். உன் பேச்சில் குற்றம் இருக்கிறது என்றால், அதை மறுக்காமல் உன் பேச்சிலும் அதே குற்றம் இருக்கிறதே என்பது. தோல்வி ஏன்? எதிராளி காட்டிய குற்றத்தைச் சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டதாகிவிடுகிறது. அடுத்தது விட்சேபம்: மாட்டிக்கொண்ட நேரத்தில் "எனக்கு ஆயிரம் வேலை கிடக்கு" என்று எழுந்து போவது. உண்மையிலேயே வேலை இருந்தால் குற்றமில்லை, சாக்காக இருந்தால் தோல்வி. சொன்னதையே சொல்வது புனருக்தம். இடையில் பேச்சை வேறு பொருளுக்குத் திருப்புவது அர்த்தாந்தரம்.

மிக நுட்பமானது அனனுபாஷணம். எதிராளி சொன்னதை அவை புரிந்துகொண்டது, மூன்று முறையும் சொல்லியாகிவிட்டது, அப்படியும் அதைத் திருப்பிச் சொல்ல முடியவில்லை என்றால் தோல்வி. எதை மறுக்கிறாய் என்றே தெரியாமல் எப்படி மறுக்கிறாய் என்பது இதன் நியாயம். அந்தக் காலத்து நடுவர்கள் இன்றைய தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு வந்தால் முதல் இடைவேளைக்குள் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

எது விதண்டாவாதம் இல்லை

சொந்தக் கட்சி இல்லாமல் கேள்வி கேட்பவரெல்லாம் விதண்டாவாதி என்று எடுத்துக்கொண்டால் பெரிய அநியாயம் நடக்கும். கணக்குத் தணிக்கை செய்கிறவர் வேறு கணக்கு எழுதித் தர வேண்டியதில்லை. "இந்தத் தொகைக்கு ரசீது எங்கே?" என்பது அவர் வேலை. மெய்ப்புத் திருத்துகிறவர் கதை எழுதத் தேவையில்லை. நீதிமன்றத்தில் குற்றவியல் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் 'உண்மைக் குற்றவாளி இவர்தான்' என்று நிறுவ வேண்டியதில்லை, குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று காட்டினாலே போதும். பாடம் கேட்கும் மாணவருக்குக் கட்சியே இருக்காது, சந்தேகம்தான் இருக்கும்.

இவர்களை விதண்டாவாதியிடமிருந்து பிரிப்பது ஒன்றுதான்: பதில் கிடைத்தால் இவர்கள் நிறுத்துவார்கள். ரசீதைக் காட்டினால் தணிக்கையாளர் அடுத்த வரிக்குப் போவார். விதண்டாவாதி ரசீதைப் பார்த்ததும் "இதுல தேதி நீல மையில இருக்கே" என்பார். மையும் சரியென்றால் காகிதத்துக்குப் போவார்.

அதனால் மேலதிகாரி கேள்வியைத் தட்டிவிட, பெரியவர்கள் பிள்ளைகளின் 'ஏன்?' என்பதை அடக்க, இந்தச் சொல்லைப் போடும்போது பெரும்பாலும் சொல்பவரிடம்தான் கோளாறு. அவரிடம் பதில் இல்லை.

ஆளிடம் எப்படிப் பேசுவது

முதலில், அந்தச் சொல்லையே சொல்லாமல் இருப்பது நல்லது. "இது விதண்டாவாதம்" என்றதும் பேச்சு விஷயத்தை விட்டு அந்தச் சொல்லின் மேல் ஏறிவிடும்: "எது விதண்டாவாதம்? கேள்வி கேட்டா தப்பா?" விதண்டாவாதிக்குப் புதிதாக ஒரு பிடி கிடைத்தாயிற்று. வயதில் சின்னவர் பெரியவரைப் பார்த்துச் சொன்னால் அது நேரடி மரியாதைக் குறைவு. சித்தப்பாவிடம் "விதண்டாவாதம் பண்ணாதீங்க" என்றால் 'ங்க' இருந்தும் சொல் சுடும். "நான் சொல்ல வந்தது அது இல்ல சித்தப்பா" என்று தன் பக்கம் திருப்பிச் சொல்வது வழக்கம். நண்பர்களிடம் "எடக்கு பண்ணாதடா" என்றால் பாதிச் சிரிப்பில் முடியும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு மறுப்புக்கும் பதில் சொல்லிக்கொண்டே போகக் கூடாது. எல்லாரும் செய்யும் பிழை இதுதான். மறுப்பு சொல்ல ஒரு நொடி போதும், பதில் தயாரிக்க ஐந்து நிமிடம் ஆகும். அந்தக் கணக்கில் எப்போதும் பதில் சொல்கிறவருக்குத்தான் நட்டம். மூன்று மறுப்பு ஆனதும் நிறுத்திவிடலாம்.

நிறுத்தியபின், "நான் என்ன சொன்னேன்னு உங்களுக்குப் புரிஞ்ச மாதிரி ஒரு தடவை சொல்லுங்களேன்" என்று கேட்பது. இது அனனுபாஷணச் சோதனையேதான், பெயர் மட்டும் சொல்வதில்லை. பல நேரங்களில் அவர் நாம் சொல்லாத ஒன்றைத்தான் இவ்வளவு நேரம் மறுத்துக்கொண்டிருந்தார் என்பது இங்கேயே தெரியும். அப்படியானால் அது விதண்டாவாதமே இல்லை, காது கோளாறு.

சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி: "சரி, நீங்க என்ன பண்ணலாம்ங்கிறீங்க?" இதைக் கேட்கும் குரல் முக்கியம். ஏளனம் கலந்தால் அது சவால், பதிலுக்கு இன்னொரு சவால்தான் வரும். உண்மையாகவே ஆலோசனை கேட்கும் குரலில், கையில் காகிதம் இருந்தால் எழுதிக்கொள்ளத் தயாராகக் கேட்க வேண்டும்.

நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்சியாயனர் இந்த இடத்தைத்தான் விதண்டாவாதியின் முட்டுச்சந்தாகக் காட்டுகிறார். 'இதுதான் என் கட்சி' என்று அவர் சொன்னால் அவர் விதண்டாவாதி இல்லை என்றாகிவிடும். சொல்ல மறுத்தால், அவர் உலக வழக்கில் பேசுபவரும் இல்லை, ஆராய்பவரும் இல்லை. அதற்குப் பிறகு அவரோடு பேச என்ன இருக்கிறது?

நடைமுறையில் மூன்றில் ஒன்று நடக்கும். "எனக்கென்ன தெரியும், நீயே முடிவு பண்ணு" என்றால் முடிவு நம் கைக்கு வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளலாம். இன்னொரு மறுப்பு வந்தால், அந்தக் கேள்வியையே அதே குரலில் இன்னொரு முறை மட்டும் கேட்டுவிட்டு விடலாம். "புதன்கிழமை போகலாம், காலையில வெயிலுக்கு முன்னாடி" என்று அவர் சொன்னால், இனி அவரிடம் ஒரு கட்சி இருக்கிறது. புதன்கிழமையில் ஏதாவது குற்றம் கண்டுபிடிக்கும் ஆசை அப்போது நமக்கு வரும்.